பழங்கம்பியும் புதுத்துணியும்

உலகிற் பயன்படும் பொருள் எதுவாயினும் அது காலத்தால் தேய்தலும் பழுதுறுதலும் இயல்பு. பழுதுற்றதைச் செப்பஞ்செய்யப் புகுவோன் முன் முதற்கண் எழும் வினா ஒன்றுண்டு. இதனுள் களையத் தக்கது யாது? காக்கத் தக்கது யாது? நன்னூல் செய்த பவணந்தி முனிவர், பழஞ்சொற்கள் சில வழக்கொழிந்து போதலையும் புதுச்சொற்கள் சில வந்து சேர்தலையும் குற்றமெனக் கொள்ளவில்லை. எனினும், சொற்கள் மாறுகின்ற அளவிற்கு மொழியின் இலக்கண அமைப்பு மாறுவதில்லை என்பதை இலக்கணம் பயிலும் மாணவர் அறிவர். போர்த்த ஆடை மாறும். உள்நின்று தாங்கும் எலும்பு எளிதில் மாறாது. இதனை யான் வகுப்பறையிற் கேட்டதுண்டு. ஐயமற உணர்ந்ததோ தச்சநல்லூரில், பழைய அம்பாசிடர் கார் ஒன்றினுள் மல்லாந்து கிடந்து அதன் உட்கூரையைப் பார்த்தபொழுதுதான். பழைய காரின் உட்கூரைத் துணியை மாற்றுங்கால் அதனைத் தாங்கும் பழைய இரும்புறுப்புக்களைக் காத்து மீண்டும் பயன்படுத்தல் ஏன், எவ்வாறு என்பதை ஈண்டு ஒருவாறு கூறப்புகுகின்றேன்.

உட்கூரை என்பது யாது? காரினுள் அமர்ந்து அண்ணாந்து நோக்கினால் மேலுள்ள இரும்புத் தகடு நமக்குத் தெரிவதில்லை. துணியோ ரெக்ஸினோ இழுத்துக் கட்டப்பட்டு அதனை மறைத்து நிற்கின்றது. பட்டறைகளில் இதனை ‘ரூஃப் லைனிங்’ என்பர். இஃது அழகு கருதி மட்டும் அமைந்ததன்று. சித்திரை வெயிலிற் காய்ந்த தகட்டின் வெப்பத்தை இது தணிக்கும்; மழைத்துளி தகட்டில் விழும் ஓசையை அடக்கும்; குளிர்ந்த விடியற்காலையில் தகட்டின் உட்புறம் வியர்க்கும் நீர் தலையிற் சொட்டாது காக்கும்.

இக்காலத்துப் புதிய கார்களில் அச்சில் அழுத்திச் செய்த ஒரே பலகையைத் துணியொட்டி மேலே பொருத்திவிடுகின்றனர். பழைய கார்களின் அமைப்பு வேறு. அவற்றிற் கூரையின் குறுக்கே, இடப்புறச் சட்டத்திலிருந்து வலப்புறச் சட்டம் வரை, வில்போல் வளைந்த மெல்லிய எஃகுக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். துணியின் மேற்புறத்தில் கம்பிக்கு ஒன்றாக நீண்ட பட்டிகள் தைக்கப்பட்டிருக்கும். பாவாடையில் நாடா ஓடுவதற்கு மடித்துத் தைப்பதுபோன்ற பட்டிகளே அவை. ஆதலின் அவற்றை நாடாப்பட்டி என்றே இங்குக் குறிப்போம். கம்பி நாடாப்பட்டியினுள் நுழைந்து, தன் இரு நுனிகளாலும் பக்கச் சட்டங்களிலுள்ள துளைகளில் ஊன்றி நிற்கும். துணியின் நான்கு ஓரங்களும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். சில வண்டிகளிற் பற்களுடைய தகட்டுப் பட்டைகளிற் கௌவப்பட்டிருக்கும்.

நம் பாட்டன்மார் ஏறிச் சென்ற கூண்டு வண்டியை நினைவுகூர்ந்தால் இவ்வமைப்பு எளிதில் விளங்கும். ஆண்டு மூங்கிலை வளைத்து அதன்மேற் பாயை வேய்ந்தனர். ஈண்டு எஃகை வளைத்து அதன்கீழ்த் துணியைத் தொங்கவிட்டனர். இவ்வொப்புமை தற்செயலாக நேர்ந்ததன்று. மேனாட்டிற் குதிரை வண்டிகளுக்கு உடல் கட்டிய தொழிலாளரே முதன்முதல் மோட்டார் வண்டிகளுக்கும் உடல் கட்டினர். நம் சென்னையிலும் 1840-இல் தோன்றிக் குதிரை வண்டிகள் செய்துவந்த சிம்ப்ஸன் கம்பெனியிலேதான் 1903-இல் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டி உருவாயிற்று. தச்சன் என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய எங்கள் ஊரில், மதுரைச் சாலையோரத்து மோட்டார்ப் பட்டறைகளைக் காணுந்தோறும் வண்டித்தச்சரின் வழி இன்னும் அறவில்லை என்றே எனக்குத் தோன்றும்.

அம்பாசிடர் காரின் வரலாறும் ஈண்டுச் சிறிது அறியத்தக்கது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் என்னும் கம்பெனி 1942-இல் நிறுவப்பட்டுக் குஜராத்திலுள்ள ஓகா துறைமுகத்திற் பணி தொடங்கியது. 1948-இல் வங்காளத்து உத்தரபாராவிற்கு இடம்பெயர்ந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் அமைப்பைக் கொண்டு 1957-இல் அம்பாசிடரை வெளிக்கொணர்ந்தது. அமைச்சர் முதல் வாடகை வண்டி ஓட்டுநர் வரை ஏறி அமர்ந்த அக்கார், அரை நூற்றாண்டிற்கு மேல் ஓடியபின், 2014-இல் உற்பத்தி நின்றது. தாய்த் தொழிற்சாலை மூடியபின் ஓர் உறுப்புத் தொலைந்தால் அதனை ஈடுசெய்வது எத்துணை அரிது என்பதை இனி யான் கூறப்போகும் நிகழ்ச்சி காட்டும்.

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1968-ஆம் ஆண்டினது. என் பாட்டனார் அதனைத் திருநெல்வேலிச் சந்திப்பில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்தினார். அவர் மறைந்தபின் வண்டி கொட்டகையிற் கிடந்தது. ஐப்பசி கார்த்திகை அடைமழையிற் பின் கண்ணாடியின் ரப்பர் வழியே நீர் கசிந்தது. உட்கூரை நைந்து, கிழிந்து, வௌவால் இறகுபோல் தொங்கிற்று. என் தந்தையார் அதனைச் செப்பஞ்செய்யத் துணிந்து, பழைய துணியைக் கழற்றும் பணியை விடுமுறையில் வீட்டிற்கு வந்திருந்த என்னிடம் விட்டார்.

யான் துணியைப் பற்றி இழுத்தேன். அது தூசியோடும் துருவோடும் என் முகத்தில் விழுந்தது. அதனோடு கம்பிகளும் வந்தன. துருவேறிக் கறுத்துப்போன அவை எனக்கு வெறும் இரும்புத் துண்டுகளாகவே தோன்றின. கிழிந்த ரப்பரோடும் உடைந்த தகட்டோடும் அவற்றைச் சேர்த்துக் கட்டிக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். கிடைத்த காசு இருவர் தேநீர் அருந்தப் போதியதாயிருந்தது. நண்பர் ஒருவரும் யானும் அருந்தினோம்.

மறுநாள் உட்கூரை தைக்கும் முதியவர் ஒருவரிடம் துணியை எடுத்துச் சென்றேன். அவர் அதனை விரித்து, நாடாப்பட்டிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, “கம்பி எங்கே, தம்பி?” என்றார்.

“துருப்பிடித்த கம்பிதானே அண்ணாச்சி, எடைக்குப் போட்டுவிட்டேன். புதிது வாங்கிக் கொள்ளலாம்” என்றேன்.

அவர் சினக்கவில்லை. “குடைக்காரரிடம் துணியை மட்டும் கொண்டுபோய் நீட்டிக் குடை கட்டித் தாரும் என்றால் கட்டித் தருவாரா?” என்று கேட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

அன்று மாலையே காயலான் கடைக்கு ஓடினேன். இரும்புக் குவியலில் எது எங்கள் கம்பி என்று எவ்வாறு அறிவது? ஓர் அடையாளம் இருந்தது. கம்பியின் நுனிகள் துளையில் ஆடி ஓசை எழுப்பாதிருக்கும்பொருட்டு, என் பாட்டனார் தம் கையாலேயே சைக்கிள் டியூபைச் சிறு துண்டுகளாக அரிந்து அந்நுனிகளில் மாட்டியிருந்தார். அக்கருந்துண்டுகளைக் கண்டே கம்பிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். ஒன்று மட்டும் அகப்படவில்லை. அது பிற்பகல் சென்ற லாரிச் சுமையோடு போய்விட்டது என்றனர்.

நிற்க. கடையில் விற்கும் கம்பியை வாங்கி வளைத்துப் பழங்கம்பிக்கு ஈடாக வைத்தால் ஆகாதோ எனின், ஆகாமைக்குக் காரணங்கள் பல.

முதலாவது வடிவம். காரின் கூரை முழுவதும் ஒரே அளவினதன்று. முன்புறம் கண்ணாடியை நோக்கிச் சரிகின்றது. நடுவில் உயர்ந்து அகல்கின்றது. பின்புறம் குறுகித் தாழ்கின்றது. ஆதலின் ஒவ்வொரு கம்பிக்கும் தனி நீளமும் தனி வளைவும் உண்டு. இரண்டாங் கம்பியை மூன்றாவதன் இடத்தில் வைத்தால், துணி ஓரிடத்தில் இறுகி மற்றோரிடத்தில் தொய்யும்.

இரண்டாவது விறைப்பு. கம்பி தன் துளைகளுக்கிடையே சற்று அமுங்கி நின்று, தன் இயல்பான வடிவிற்கு மீள முயன்றுகொண்டேயிருக்கும். துணி அதனை இழுக்கும். கம்பி அவ்விழுப்பை எதிர்க்கும். இவ்விரண்டும் ஒத்து நிற்கும் நிலையிலேதான் உட்கூரை சுருக்கமின்றித் தோன்றுகின்றது. கட்டுக் கம்பி போன்ற மெல்லிரும்பிற்கு வளைந்தால் மீளும் ஆற்றல் போதாது. அது துணியின் இழுப்பிற்குப் பணிந்துவிடும்.

மூன்றாவது நுனி. துளையில் ஊன்றும் நுனியின் வளைவும் பருமனும் அவ்வண்டிக்கென்றே அமைந்தவை. பருமன் மிகுந்தால் துளை கிழியும். குறைந்தால் வண்டி ஓடுந்தோறும் கிலுகிலுக்கும்.

இனிப் பழைய உறுப்புக்களைக் காக்கும் முறையைக் காண்போம். முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றுதல் வேண்டும். உட்கூரை விளக்கிற்கு மின்சாரம் செல்லும் கம்பி துணியின் மேலே ஓடுகின்றது. பின்னர் விளக்கு, வெயில் மறைப்புப் பலகைகள், பின்னோக்குக் கண்ணாடி முதலியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதனதன் திருகாணிகளை அதனதன் பொட்டலத்திலிட்டுப் பெயரெழுதுதல் வேண்டும். பழைய வண்டிகளின் மரைகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. இன்று எளிதிற் கிடைப்பவை மில்லிமீட்டர்க் கணக்கினவை. ஒன்றனிடத்தில் மற்றொன்றை வலிந்து முறுக்கினால் துளையின் மரையே அழிந்துவிடும். ஒரு திருகாணி தொலைந்தால் அதற்காக ஒரு சட்டத்தையே துளையிட நேரும்.

கம்பிகளைத் துளையினின்றும் எடுக்கும்பொழுதே முன்னிருந்து பின்னாக 1, 2, 3 என எண்ணிட்ட சீட்டுக்களைக் கட்டிவிடுதல் வேண்டும். எது இடநுனி, எது வலநுனி என்பதையும் குறித்தல் நன்று. சில வண்டிகளில் ஒரு நுனிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருக்கும். எத்துளையில் நின்றது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். பழைய துணியையும் உடனே எறிதல் கூடாது. நாடாப்பட்டிகளுக்கு இடைப்பட்ட தொலைவும், ஓரங்களின் வளைவும் அதனிடத்திலேதான் எழுதப்பட்டுள்ளன. ஏடு எத்துணை செல்லரித்ததாயினும் படியெடுத்து ஒப்புநோக்கும் வரை அதனை ஆற்றில் விடுவார் உளரோ? புதுத்துணி கூரையேறும் நாள்வரை பழந்துணியே மூலப்பிரதி.

அடுத்தது கம்பியைச் சோதித்தல். இதற்கு முதியவர் கையாண்ட முறை மிக எளியது. சிமெண்டுத் தரையிற் கம்பியைக் கிடத்திச் சுண்ணக்கட்டியால் அதன் வளைவை வரைந்தார். பின்னர் அதனை இடவலமாகத் திருப்பி அக்கோட்டின்மீதே வைத்தார். இரு பாதியும் ஒத்த கம்பி திருப்பினாலும் கோட்டோடு பொருந்தும். ஒரு பக்கம் கோணியதாயின் விலகிக் காட்டும். கோணலை நிமிர்த்தக் கையாலேயே சிறிது சிறிதாக வளைத்தல் வேண்டும். உலையில் காய்ச்சுதல் ஆகாது. தீயிற் பழுத்து மெல்ல ஆறினால் எஃகு தன் விறைப்பை இழந்துவிடும். நிமிர்த்த வந்தவன் கம்பியின் உயிரையே போக்கிவிடுவான்.

மூன்றாவது துருநீக்கல். கம்பியைச் சீமையெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்தல் வேண்டும். குழிகளில் ஒட்டிய துருவிற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த நீர்மம் உண்டு. அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றிவிடும். அமிலம் கையிற் படாது உறையணிந்து செய்தல் கடன். பின்னர் கழுவி, உலர்த்தி, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் வண்ணம் ஒரு பூச்சும் கொடுத்து, நன்கு காயும்வரை பொறுத்தல் வேண்டும். இத்துணைப் பாடு எதற்கெனின், துருவோடு நாடாப்பட்டியுட் புகுந்த கம்பி மழைக்காலத்து ஈரத்தை ஏற்றுத் துணியிற் கறையிறக்கும். புதுத்துணியில் கம்பிக்கு ஒன்றாகப் பழுப்புக் கோடுகள் தோன்றும். காயாத வண்ணமும் அவ்வாறே கறைப்படுத்தும். கூரைத் தகட்டின் உட்புறத்தையும் இதே சமயத்திற் சுரண்டித் துருத்தடை பூசிவிடுதல் அறிவுடைமை. மீண்டும் அத்தகடு கண்ணுக்குப் புலனாக எத்தனை ஆண்டுகள் செல்லுமோ!

ஆயின் எல்லா இரும்பையும் ஒன்றுபோல் தேய்த்தல் கூடாது. விளக்கின் வளையம், வெயில் மறைப்பின் தண்டு, கண்ணாடியின் காம்பு போன்றவை நிக்கலும் குரோமியமும் முலாம் பூசப்பட்டவை. அம்முலாம் மிக மெல்லியது. உப்புத்தாள் பட்டால் போய்விடும். அவற்றிற்குச் சவர்க்கார நீரும் மென்துணியுமே போதும். பற்களுடைய தகட்டுப் பட்டை இருப்பின், மடங்கிய பற்களைக் குறட்டால் ஒரே முறை மெல்ல நிமிர்த்தலாம். பன்முறை மடக்கி நிமிர்த்தினால் பல் ஒடிந்துவிடும்.

பழையது என்பதற்காகவே யாவற்றையும் காத்தலும் பேதைமையே. இறுகி வெடித்த ரப்பர், பொடிந்த பஞ்சு, காய்ந்த பசை ஆகிய இவற்றிற்கு மறுபிறவி இல்லை. உறை வெடித்த மின்கம்பியைத் துணிக்குமேல் விட்டுவைத்தல் தீயை மடியிற் கட்டிக்கொள்வதாகும். கீறல் விழுந்த கம்பியும், துரு தின்று நடுவில் மெலிந்த கம்பியும் விலக்கத்தக்கனவே. ஒடிந்ததை நடுவில் வெல்டிங் செய்து இணைத்தால், அவ்விடம் வலுக்குன்றுவதோடு முடிச்சுப்போல் துணியிற் புடைத்துக் காட்டும். அந்நிலையில் அதே பருமனும் விறைப்பும் உள்ள கம்பியைத் தேடி, ஒடிந்ததையே அளவாகக்கொண்டு புதியதை வளைத்தல் வேண்டும். ஆகவே, ஒடிந்த கம்பிக்கும் ஒரு பயன் உண்டு. அது தன் வழித்தோன்றலுக்குக் கட்டளையாகின்றது. பாட்டனார் மாட்டிய டியூப் துண்டுகளையும் முதியவர் நீக்கிவிட்டார். அவை பிசுபிசுத்து உயிரற்றுப் போயிருந்தன. எனினும் அவற்றின் நீளத்தை அளந்து, அதே அளவிற் புதிய டியூபை அரிந்து நுனிகளில் மாட்டினார். பொருள் போயிற்று, செய்தவர் கருத்து நின்றது.

பொருத்தும் முறையைச் சுருங்கக் கூறுவேன். புதிய ரெக்ஸினைச் சிறிது நேரம் வெயிலில் விரித்தால் அது இளகி இழுவைக்கு இசையும். திருநெல்வேலியில் இதற்கு வேறு அடுப்பு வேண்டுவதில்லை. எண்ணிட்ட கம்பிகளை அவற்றிற்குரிய நாடாப்பட்டிகளிற் கோத்து, வரிசை பிறழாது துளைகளில் ஊன்றுவர். முன்னோரத்தையும் பின்னோரத்தையும் நடுவிலிருந்து தொடங்கி இழுத்து நிறுத்தியபின், பக்கங்களை இருபுறமும் மாறிமாறி இழுப்பர். துணி உலர்த்தும் கிளிப்புக்களால் ஓரத்தைத் தற்காலிகமாகப் பிடித்துச் சுருக்கங்கள் யாவும் நீங்கியபின்னரே பசையை இறுதியாக ஒட்டுவர். பசையின் ஆவி எளிதில் தீப்பற்றுவது. கதவுகளைத் திறந்து வைத்தே வேலை செய்வர். விளக்கிற்குரிய துளையைக் கடைசியில்தான், அதுவும் வேண்டிய அளவிலும் சிறிதாகவே, வெட்டுவர். வெட்டிய துணி மீண்டும் வளராது.

ஒரு பழங்காருக்காக இத்துணை உழைப்பு வேண்டுமோ என்று சிலர் வினவலாம். பழைய வண்டிகளின் தகுதியை இன்று அரசினரும் உணர்ந்துள்ளனர். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையிற் செய்த திருத்தத்தின்படி, 50 ஆண்டு கடந்து, சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றிற் பெருமாற்றம் செய்யப்படாது மூலவடிவிலேயே காக்கப்பட்ட வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதியலாம். அதன் எண் பலகையில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துக்கள் இடம்பெறும். புதிய பதிவிற்கு 20,000 ரூபாயும் மறுபதிவிற்கு 5,000 ரூபாயும் கட்டணம் விதித்துள்ளனர். கோயம்புத்தூரில் 2015-இல் ஜி. டி. நாயுடு பெயரால் அமைந்த கார் காட்சிச்சாலையும், சென்னையில் 2023-இல் ஏ.வி.எம். ஸ்டூடியோவிற் றிறந்த காட்சிச்சாலையும் பழங்கார்களைப் போற்றி வைத்துள்ளன. அங்குச் சென்று காண்போர் மினுக்கும் வெளிவண்ணத்தோடு நில்லாது, கதவுக் கண்ணாடி வழியே உட்கூரையையும் ஒருமுறை நோக்குவாராக. அது சுருக்கமின்றி நிற்குமாயின், அதன்மேல் கண்ணுக்குத் தெரியாது நிற்கும் கம்பிகளை யாரோ ஒருவர் எண்ணிட்டுக் காத்தார் என்று அறியலாம்.

எங்கள் வண்டி இப்பொழுது செப்பமாகிவிட்டது. தொலைந்த கம்பிக்கு ஈடாக முதியவர் ஒன்றை வளைத்துத் தந்தார். அளவெடுக்க மூலக்கம்பி இன்மையால், நைந்த பழந்துணியின் நாடாப்பட்டியைக் கொண்டு உத்தேசமாக வளைக்க நேர்ந்தது. ஏனைய கம்பிகளின்கீழ்த் துணி முரசின் தோல்போல் நிற்கின்றது. அவ்வொரு கம்பியின் அருகே மட்டும், இடப்புறத்தில், விரல் நீளச் சுருக்கம் ஒன்று உளது. எத்துணை இழுத்தும் அது போகவில்லை. அது பின்னிருக்கைக்கு நேர் மேலே, என் பாட்டியார் அமரும் இடத்தில் அமைந்துவிட்டது. முதன்முறை ஏறி அமர்ந்த அன்று அவர் அண்ணாந்து அதனைச் சிறிது நேரம் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. யானும் ஒன்றும் கூறவில்லை.

ஆதலின் அன்பர்காள், வீட்டிலோ பட்டறையிலோ பழம்பொருள் ஒன்றைப் பிரிக்க நேருங்கால், காயலான் கடைக்கு வழி கேட்குமுன், இது மேலே போர்த்ததோ, உள்ளே நின்று தாங்கியதோ என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பீராக. ஐயம் எழுமாயின் ஒரு சீட்டில் எண்ணெழுதிக் கட்டி வைத்துவிடுக. இரண்டு தேநீர்க் காசுக்கு யான் விற்ற கம்பியை இன்று எவ்விலை கொடுத்தும் மீட்க இயலவில்லை.